காலியான ஒரு கட்டில்: வன்னி டயலிசிஸ் பிரிவொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவில் நான் வைத்திய அதிகாரியாக இருந்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி வயது, ஊர், தொழில் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ நிலைமையும் முடிவுகள் எடுக்கப்பட்ட வரிசையும் நடந்தபடியே இருக்கின்றன.

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிப்பதுதான் டயலிசிஸ். அதற்கு எங்களிடம் ஐந்து இயந்திரங்கள் இருந்தன. நாலு இயந்திரங்கள் நிரந்தர நோயாளிகளுக்கு. ஐந்தாவதை அவசரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். அரிவுவெட்டுக் காலத்தில் வயலில் கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீர் நின்றுபோனவர்களும், மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சலோடு வருபவர்களும் அதில்தான் ஏறுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில கிழமைகளில் சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் அந்த இயந்திரத்தை நிரந்தர நோயாளி ஒருவருக்கு முழுதாகக் கொடுத்துவிட முடியாது.

நிரந்தர நோயாளிகளுக்கு ஒரு நாளில் இரண்டு ஷிஃப்ட், கிழமையில் ஆறு நாள், ஒருவருக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கணக்குப் போட்டால் 24 பேர். கிழமைக்கு மூன்று தடவை என்பதுதான் உலகில் பரவலாக உள்ள அளவு. அப்படிச் செய்தால் 16 பேருக்குத்தான் இடம். ஆக, இரண்டாகக் குறைத்ததே ஒரு பங்கீடு. அதை எப்போது, யார் தீர்மானித்தார்கள் என்று பிரிவில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிறவர்களில் கணிசமானோர் கமக்காரர். சீனி வியாதியும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிப்போயிருக்கும். 1990களில் வடமத்திய மாகாணத்தின் மெதவாச்சி, பதவியாப் பக்கங்களில் கவனத்துக்கு வந்த அதே நோய்தான். பதவியாவுக்கும் வவுனியா வடக்குக்கும் இடையில் இருப்பது காடும் குளங்களும்தான். நோய் மாகாண எல்லை பார்க்கவில்லை. கல்சியம் கூடிய கிணற்றுத் தண்ணீர், புளோரைட், வயல் மருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன. ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. இந்த நோய் சத்தமில்லாமல் வளரும். ஆள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் கடைசிக் கட்டம்.

ஒரு மார்கழியில் எங்கள் 24 பேரில் ஒருவர் இறந்தார். ஓர் இடம் காலியானது.

காத்திருந்த இருவர்

பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். உடனடியாகத் தேவைப்பட்டவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் 46 வயதுப் பெண். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வருபவர். கச்சான் காலத்தில் கச்சான் பிடுங்கப் போவார், மற்றக் காலத்தில் கிடைக்கிற கூலி வேலை. கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டிருந்தோம். அவசர இயந்திரம் சும்மா இருக்கும் நாட்களில் அவரைக் கூப்பிட்டு ஏற்றுவோம். இரண்டு தடவை நுரையீரலில் தண்ணீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே அம்புலன்ஸில் வந்திருந்தார். சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் 6.4 (சாதாரணமாக 5 வரை இருக்கும், மிகக் கூடினால் இதயம் நின்றுவிடலாம்).

இரண்டாமவர் 34 வயது ஆண். நகரத்துக்கு அருகில் வீடு, அரச அலுவலகத்தில் வேலை, மனைவி, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். கிளினிக் கொப்பியைத் தேய்ந்துபோகாமல் உறை போட்டு வைத்திருப்பார். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) அதிகம், ஆனால் நாளுக்கு 800 மில்லிலீட்டர் அளவில் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. பொட்டாசியம் 5.4. பட்டியலில் அவருடைய பெயர் அந்தப் பெண்ணுக்கு மூன்று கிழமை பிந்தியது.

இப்படி எழுதிப் பார்க்கும்போது யாருக்கு இடம் என்பதில் சந்தேகமே இல்லாதது போல இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

முதல் கூட்டம்

கூட்டத்தில் விசேட வைத்திய நிபுணர், இரண்டு வைத்திய அதிகாரிகள், பிரிவுக்குப் பொறுப்பான தாதி ஆகியோர் இருந்தோம். நான் தயாரித்த ஒற்றைப் பக்கக் குறிப்பை வாசித்தேன். பெண்ணைப் பற்றி அதில் இப்படி இருந்தது: “ஒத்துழைப்பு குறைவு, அழைத்த இரு நாட்கள் வரவில்லை. குடும்ப ஆதரவு இல்லை. திருமண நிலை: விதவை. தூரம் அதிகம்.” அந்த ஆணுக்கு: “ஒத்துழைப்பு மிக நன்று. மனைவி உடன் வருகிறார். குழந்தைகள் 2.”

யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். “ஒழுங்காக வராத ஒருவருக்குக் கொடுத்தால் அந்த இடம் வீணாகும்” என்றார் ஒருவர். “சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றார் இன்னொருவர். அந்த இளைஞருக்காக அவருடைய அலுவலகப் பெரியவர் ஒருவர் எடுத்த தொலைபேசி அழைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த இளைஞருக்கு அது தெரியவே தெரியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இருபது நிமிடத்தில் இடம் ஆணுக்கு என்ற மாதிரி ஆகிவிட்டது.

அப்போது பொறுப்புத் தாதி ஒரு கேள்வி கேட்டார். “அந்த ரெண்டு நாளும் அவ ஏன் வரேல்லை எண்டு ஆராவது கேட்டனாங்களோ?”

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நிபுணர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சியாட்டிலில் உட்கார்ந்திருந்த ஏழு பேர் மாதிரி நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். மூன்று நாள் அவகாசம் எடுப்போம்” என்றார்.

சியாட்டிலில் நடந்தது

அன்றிரவு அதைத் தேடி வாசித்தேன். சிறுநீரக மருத்துவம் படித்த எங்களுக்கே இந்தக் கதை சரியாகத் தெரியாமல் இருப்பது எனக்குக் கவலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செயற்கைச் சிறுநீரகத்தை வில்லெம் கொல்ஃப் 1943இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் செய்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில தடவைகளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லோன் குழாய் ஒன்றைக் கையின் நாடியிலும் நாளத்திலும் நிரந்தரமாக வைத்துவிடும் வழியைக் கண்டார். அந்த வருடம் மார்ச் மாதம் குழாய் வைக்கப்பட்ட முதல் நோயாளி, கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி, பதினொரு வருடம் உயிரோடு இருந்தார். அதற்கு முன் அவருக்கு இருந்தது சில கிழமைகள்.

மருத்துவத்தில் அதுவரை இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை என்றே நினைக்கிறேன். நிச்சயமாகச் சாகப் போகிறவரை வருடக்கணக்கில் வாழவைக்கும் இயந்திரம் கண்முன்னே இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் போதாது. 1962இல் திறந்த சியாட்டில் நிலையத்தில் முதலில் இருந்தவை மூன்று கட்டில்கள். மருத்துவர்கள் முதலில் மருத்துவ ரீதியாகப் பொருத்தமானவர்களைப் பிரித்தார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் குழந்தைகளும் அந்தக் கட்டத்திலேயே கழிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் யார் என்பதைத் தீர்மானிக்கப் பெயர் வெளியிடாத ஏழு பேர் கொண்ட குழு: ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரச அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். அவர்களுக்கு எழுதப்பட்ட அளவுகோல் எதுவும் தரப்படவில்லை. வயது, ஆணா பெண்ணா, திருமண நிலை, எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், வருமானம், சொத்து, கல்வி, தொழில், மனத்திடம், கடந்தகாலத்தில் என்ன செய்தார், இனி என்ன செய்யக்கூடும் என்றெல்லாம் அவர்களே பார்க்கத் தொடங்கினார்கள். கோயிலுக்குப் போகிறாரா, ஊர்ச் சங்கத்தில் இருக்கிறாரா என்று நாங்கள் கேட்பது போல, அவர்கள் தேவாலயத்தைக் கேட்டார்கள்.

1962 நவம்பரில் லைஃப் சஞ்சிகையில் இது கட்டுரையாக வந்தது. ஊரே கொதித்தது. 1968இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்தத் தெரிவுகளை அலசி, நடுத்தர வர்க்கம் தன்னைப் போலவே இருப்பவர்களைத்தான் காப்பாற்றியிருக்கிறது என்று எழுதினார்கள். தத்துவம், சட்டம், சமயம் படித்தவர்கள் வைத்தியசாலைக்குள் வந்து “இதை யார் தீர்மானிப்பது, எந்த அளவுகோலால்?” என்று கேட்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பேர்க்கில் நாஜி வைத்தியர்கள் மீது நடந்த விசாரணை, மனிதர் மீதான ஆராய்ச்சி பற்றிய கேள்விகளை ஏற்கெனவே எழுப்பியிருந்தது. ஆனால் அன்றாடச் சிகிச்சைக்குள்ளேயே இருக்கும் அறக்கேள்வியை ஊரறிய வைத்தது சிறுநீரக இயந்திரம். 1992இல் சியாட்டிலிலேயே, அந்தக் கட்டுரை வந்து 30 வருடமானதை ஒட்டி, மருத்துவ ஒழுக்கவியலின் பிறப்பு பற்றி ஒரு மாநாடு கூடியது.

இன்னொரு சம்பவம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. சியாட்டிலில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இடம் மறுக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பொறியியலாளர் ஒருவர் தன் குழுவோடு சேர்ந்து, சில மாதங்களுக்குள் வீட்டில் வைத்தே பயன்படுத்தக்கூடிய ஒரு இயந்திரத்தைச் செய்து முடித்தார். 1964இல் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் டயலிசிஸ் தொடங்கியது. அந்தக் கேள்வியை, இருக்கிற கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்பதோடு நிறுத்தாத மனிதர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் இப்படி ஒரு குழு இருக்கவில்லை. அங்கே 1970களிலும் 80களிலும் வயதானவர்கள் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பப்படாமலே விடப்பட்டார்கள். குடும்ப வைத்தியரின் மேசையிலேயே அவர்களுடைய கதை முடிந்தது, யாரும் மறுத்ததாகப் பதிவே இல்லை. எங்கள் பட்டியலில் ஒன்பது பேர் என்று எழுதினேன். பட்டியல் வரைக்கும் வராமல் கிராமத்திலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்?

விசாரித்தபோது தெரிந்தவை

அடுத்த நாள் பொதுச் சுகாதாரத் தாதியோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிடைத்த வீடு, பூசாத சுவர், முற்றத்தில் ஒரு முருங்கை. தாயும், உயர்தரம் படிக்கிற 17 வயது மகளும் இருந்தார்கள்.

ஊரிலிருந்து முதல் பஸ் காலை ஆறரைக்கு. பிரதான வீதிச் சந்தியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து எங்களிடம் வந்துசேர ஒன்பதரை ஆகும். எங்கள் காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. எனவே அவர் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் பின்னேரமே வந்து, வெளிநோயாளர் பிரிவின் விறாந்தையில் துணி விரித்துப் படுத்திருந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வராத நாட்களில் முதலாவது, குளம் வான் பாய்ந்து போக்குப் பாலம் தண்ணீருக்குள் போன நாள். இரண்டாவது, 2009இல் காணாமல்போன கணவரைப் பற்றிய விசாரணைக்கு அவருக்குக் கடிதம் வந்திருந்த நாள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது, எதை விடுவது என்று தாயோடு இருந்து யோசித்து, விசாரணைக்குப் போயிருக்கிறார்.

எங்கள் குறிப்பில் விதவை என்று எழுதியிருப்பதை உறுதிசெய்வதற்காக நான் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“அவர் செத்துப்போனார் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை டொக்டர். நீங்கள் எப்பிடி எழுதினீங்கள்?”

எனக்குப் பதில் இருக்கவில்லை. அந்த வரியை எழுதியது நான்தான். கணவர் இல்லை என்றார், நான் விதவை என்று எழுதிவிட்டேன்.

குடும்ப ஆதரவு இல்லை என்று எழுதியதும் பொய்யாகிவிட்டது. மகள் ஒரு சிஆர் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். தாய் ஒவ்வொரு நாளும் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எவ்வளவு உப்பு போட்டது, கால் வீங்கியதா என்றெல்லாம் கோடு போட்டுத் திகதி வாரியாக எழுதியிருந்தாள். எங்கள் பிரிவின் பதிவுகளை விட அது துப்புரவாக இருந்தது.

முடிவும் காரணங்களும்

மூன்றாம் நாள் திரும்பக் கூடினோம். நிபுணர் ஒரு முறையைக் கேட்டார்: ஊர், தொழில், குடும்பம் எதுவும் இல்லாமல், பரிசோதனை முடிவுகளையும் நோய்க்குறிகளையும் மட்டும் எழுதிய தாள்களை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்து, யார் அதிகம் காத்திருக்க முடியாதவர் என்று சொல்ல வேண்டும். ஒரே அளவாக இருந்தால் பட்டியலில் முந்தியவருக்கு. இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் தாளையே முதலில் வைத்தார்கள். இடம் அவருக்கு.

ஒத்துழைப்பைக் கணக்கில் எடுக்கவே கூடாதா என்று ஒரு நியாயமான கேள்வி வந்தது. எடுக்கலாம். டயலிசிஸ் தவறவிட்டால் ஆள் செத்துப்போகும், அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் ஒத்துழைப்பு என்று எழுதியது, பஸ் ஓடும் நேரத்தையும் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள தூரத்தையும் கையில் உள்ள காசையும்தான். சியாட்டில் குழு சொத்து என்றும் தொழில் என்றும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் கேட்டது. நாங்கள் அதையே மருத்துவச் சொல்லுக்குள் வைத்துக் கேட்டோம். எங்களுடையதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது என்று இன்றும் நினைக்கிறேன். வரமுடியாமைக்கு நாங்கள் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது, அதன் பிறகும் தொடர்ந்தால் மட்டும் பேசுவது என்று தீர்மானித்தோம். அவரை நண்பகல் பன்னிரண்டு மணி ஷிஃப்டுக்கு மாற்றினோம். விறாந்தையில் படுக்க வேண்டிய தேவை அத்தோடு முடிந்தது. இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு பேனையும் போதுமாக இருந்தது.

விதியை ஒரு பக்கத்தில் எழுதி, நிபுணர் கையொப்பமிட்டு, நோயாளிகள் பார்க்கும் சுவரிலும் ஒட்டினோம். தென்னாபிரிக்காவில் 1997இல் நடந்த வழக்கு ஒன்று இதற்கு எனக்கு வழிகாட்டியது. டர்பன் நகரத்தில் டயலிசிஸ் மறுக்கப்பட்ட 41 வயது நோயாளி ஒருவர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார், தோற்றார், சில நாட்களில் இறந்தும்போனார். அந்தத் தீர்ப்பை வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் பார்த்தவற்றில் முக்கியமான ஒன்று: வைத்தியசாலையிடம் நியாயமான ஒரு விதி முன்கூட்டியே இருந்ததா, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பிரயோகித்தார்களா? எங்களிடம் அந்த நாள்வரை அப்படி ஒரு விதி இருக்கவில்லை.

இளைஞரையும் மனைவியையும் கூப்பிட்டு, இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதையும் காரணத்தையும் நானே சொன்னேன். மனைவி அழுதார். இளைஞர் மட்டும், “சரி டொக்டர், எனக்கு எப்ப ஆபத்து எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார். கிழமைக்கு இரண்டு தடவை இரத்தப் பரிசோதனை, உணவுத்தாள், அவசர இலக்கம் எல்லாம் கொடுத்து அனுப்பினோம்.

பின்பு நடந்தவை

19ஆம் நாள் இரவு அந்த இளைஞர் கை கால் சோர்ந்து, நாடித்துடிப்பு குறைந்து கொண்டுவரப்பட்டார். பொட்டாசியம் 7.1. ஈசிஜியில் மாற்றம். கல்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினோம். அவசர இயந்திரத்தில் பாம்பு கடித்த ஒருவர் இருந்தார். நிலைமையைப் பார்த்து அவருடைய நேரத்தைத் தள்ளிவைத்து இவரை ஏற்றினோம். இருவரும் பிழைத்தார்கள்.

காரணம் செவ்விளநீர். இரண்டு நாள் காய்ச்சலாக இருந்ததால் உடம்புக் குளிர்ச்சிக்கென்று உறவினர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நாலைந்து குடித்திருக்கிறார். இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். எங்கள் உணவுத்தாளில் தோடம்பழச் சாறு இருந்தது, தக்காளி இருந்தது, சொக்கலேட் கூட இருந்தது. இளநீர் இல்லை. எங்கிருந்தோ வந்த தாளை மொழிபெயர்த்து அச்சடித்திருந்தோம். வீட்டுக்கு வீடு தென்னை நிற்கும் ஊரில் அந்த ஒரு சொல் இல்லாமல் போனது எங்கள் பிழை. இடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன், ஆனால் காத்திருக்க வைக்கப்பட்டவரைக் காப்பதற்கு நாங்கள் போதுமானதைச் செய்யவில்லை.

இந்தச் சம்பவம் காத்திருப்போர் வாங்குகளில் பரவியது. சில நாட்கள் கழித்து, நிரந்தர நோயாளிகளில் ஒருவரான 71 வயதுக் கமக்காரர், இயந்திரத்தில் கிடந்தபடியே என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நான் வயல் செய்து, பிள்ளையளைக் கரைசேர்த்து, எல்லாம் பாத்திட்டன். அந்தப் பெடியனுக்கு என்ர இடத்தைக் குடுங்கோ. நான் இனி வரேல்லை.”

இதைக் கேட்டு மனம் நெகிழாத ஆள் இருக்க முடியாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஸ்கிரிப்னர் 1964இலேயே தன் துறைச் சகாக்களின் முன் பேசியபோது, யாரைத் தெரிவது என்பதோடு எப்போது நிறுத்துவது என்பதையும் கேள்வியாக வைத்தார். 1972இல் அமெரிக்கா சட்டம் இயற்றிக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் டயலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்ட பிறகு, அங்கே முதலாவது கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய் இரண்டாவது முன்னுக்கு வந்தது. எங்களிடம் இரண்டும் ஒரே அறையில், ஒரே கிழமையில் வந்து நின்றன. ஒருவர் தன் உடம்புக்காக நிறுத்தக் கேட்டால் அது அவருடைய உரிமை. தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணத்தில் கேட்டால், அந்த எண்ணத்தை அவருக்குள் போட்டது எங்கள் பற்றாக்குறை.

அவரிடம் சொன்னோம்: “ஐயா, உங்கட இடம் உங்கட இடம்தான். நீங்கள் விட்டால் அது பட்டியலுக்குத்தான் போகும், நீங்கள் நினைக்கிற ஆளுக்கு எண்டு இல்லை. அதை விட்டிட்டு, உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு சொல்லுங்கோ.” ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுப்புத் தாதி அவரோடு இருந்தார். இரவில் உடம்பெல்லாம் கடி (அரிப்பு), நித்திரையே இல்லை. கூட்டிவருகிற மகனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது. மனைவி போன வருடம் தவறிவிட்டார். கடிக்கு மருந்து மாற்றினோம். இரத்தம் ஏற ஊசி தொடங்கினோம். அதே பக்கத்திலிருந்து வரும் இன்னொரு நோயாளியின் ஓட்டோவில் சேர்ந்து வர ஏற்பாடானது. இரண்டு கிழமை கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டோம். இப்போது அவருடைய பதில் வேறு மாதிரி இருந்தது: வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வரைக்கும் வருகிறேன், அதற்குப் பிறகு பார்ப்போம்.

இந்த இடைவெளியில் மூன்றாவது ஷிஃப்ட் தொடங்க முயன்றோம். ஆள் பற்றாக்குறையை விடப் பெரிய தடை தண்ணீர்தான். நாலு மணி நேர டயலிசிஸ் ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லீட்டர் வேண்டும். அதைப் பெறுவதற்கு வடிகட்டியில் அதைவிடக் கூடிய தண்ணீர் கழிந்து போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் வடிகட்டிகளைச் சீக்கிரமே அடைத்துவிடும். பவுசர் தண்ணீரும் மேலதிகத் தாங்கியும் கிடைக்கப் பங்குனி ஆகிவிட்டது. கிழமையில் இரண்டு பின்னேரங்கள் திறந்ததில் நாலு பேருக்கு இடம் வந்தது. முதல் இடம் அந்த இளைஞருக்கு. அதுவரை அவசர இயந்திரத்தில் சமாளித்தோம். முதியவரிடம் போய், அவருடைய இடம் அந்த இளைஞருக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னபோது, “அப்ப நல்லது” என்று மட்டும் சொன்னார்.

இளைஞர் பிறகு சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக வேறு மாகாணத்துக்குப் போனார். கொடையாளியாக முன்வந்த அண்ணனை யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதிசெய்ய, தாய் உடன் இல்லாதபோது தனியாக வைத்துப் பேசிய பிறகே கடிதம் கொடுத்தோம். 1954இல் பொஸ்டனில் இரட்டையர்களுக்கிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தபோது, சுகதேகி ஒருவரின் உடலை அவருக்கு நன்மையில்லாத ஒன்றுக்காக வெட்டலாமா என்று அந்த மருத்துவர்கள் மதகுருமாரிடமும் சட்டம் தெரிந்தவர்களிடமும் கேட்டார்கள். எங்கள் அண்ணன் யோசிக்க ஒரு மாதம் கேட்டார். கொடுத்தோம். அவராகவே திரும்பி வந்தார்.

முதியவர் பொங்கலுக்குப் போய் வந்தார். அதற்கு அடுத்த கிழமை, இனி வேண்டாம் என்று சொன்னார். இப்போது காரணம் கேட்டபோது யாருடைய பெயரையும் சொல்லவில்லை. “உடம்பு போதும் எண்டு சொல்லுது” என்றார். மகனையும் மகளையும் கூப்பிட்டுப் பேசினோம். மனத்தை மாற்றினால் எந்த நேரமும் வரலாம், இடம் இரண்டு கிழமைக்கு அப்படியே இருக்கும் என்று எழுதியே கொடுத்தோம். பொதுச் சுகாதாரத் தாதி வீட்டுக்குப் போய் மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து பார்த்துக்கொண்டார். பதினோராம் நாள், வீட்டுத் திண்ணையில், மகன் பக்கத்தில் இருக்க இறந்தார்.

இனி வேறு மாதிரிச் செய்வது

எழுதப்பட்ட விதி இல்லாமல் கூட்டத்துக்குள் போகக் கூடாது, இதுதான் முதலாவது. கூட்டத்தில் வாசிக்கும் குறிப்பில் திருமண நிலை, பிள்ளைகள், தொழில் என்ற நிரல்களை எடுத்துவிட்டோம். வரவில்லை என்று எழுதுபவர், ஏன் என்பதையும் நோயாளியிடமே கேட்டு அதே வரியில் எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் பரிந்துரை அழைப்புகளைத் திகதியோடு பதிவேட்டில் எழுதத் தொடங்கினோம். எழுதப்போகிறோம் என்று சொன்னதும் அவை குறைந்துவிட்டன.

இடம் கிடைக்காதவருக்கென்று தனியாக ஒரு திட்டம் தேவை. இதை நாங்கள் ஒரு உயிரை ஆபத்தில் தள்ளித்தான் படித்தோம். உணவுத்தாளைத் தாதிமாரும் இரண்டு நோயாளிகளின் வீட்டுக்காரரும் சேர்ந்து புதிதாக எழுதினார்கள். செவ்விளநீர் முதல் வரியில் இருக்கிறது, அடுத்தது முருங்கை இலை. அந்தப் பெண்ணின் மகளுடைய கொப்பியின் கோடுகளை அப்படியே எடுத்து எல்லா நோயாளிகளுக்கும் அட்டவணையாக அச்சடித்தோம்.

இன்னும் செய்யாதது ஒன்று இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவை என்ற தீர்மானத்தை நோயாளிகள் முன்னால் வைத்து நாங்கள் இதுவரை பேசவில்லை. எல்லோருக்கும் கொஞ்சமா, குறைந்த பேருக்குப் போதியதா என்பது எங்கள் அறைக்குள் மட்டும் முடிக்கிற விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது ஷிஃப்ட் இருக்கும்போதாவது அதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கோப்பில் நான் எழுதிய “விதவை” என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன்: “கணவர் 2009 முதல் காணாமல்போனவர். தேடிக்கொண்டிருக்கிறார்.” நான் அங்கிருந்து இடமாற்றமாகிப் போகும்வரை அவர் செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை வரவில்லை. இரண்டு தடவையும் முதல் நாளே மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள், நாங்கள் நாளை மாற்றிக் கொடுத்தோம்.